அரசு மரியாதை யாருக்கு?

திரை நட்சத்திரங்களையும் கிரிக்கெட் வீரர்களையும் ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறதே என்று யாராவது குறைபட்டால், உடனே ஒரு பதில் வருகிறது. அது மக்களின் விருப்பம். பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றவனுக்கு மிச்சமிருப்பது ஒரு படமும் ஓர் ஆட்டமும்தான், அங்கேயும் போய் உபதேசம் செய்யாதே. ராணுவ வீரரும் தூய்மைப் பணியாளரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள், நடிகரையோ மக்கள் மனதார நேசிக்கிறார்கள், இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. டீக்கடைப் பேச்சிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் படித்தவர் எழுதும் பத்திகளிலும் இந்த வாதம்தான் சொல் மாறி மாறி வருகிறது. இதை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் மக்களைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாமக்கல் மாவட்டத்தில் எங்கள் பள்ளிபாளையத்தில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடும் இளைஞரிடம் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. இந்தச் சீமை சினிமாவை வளர்த்த சீமை. திருச்செங்கோட்டிலிருந்து வந்த டி.ஆர்.சுந்தரம் 1930களில் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்ததும் அங்கிருந்துதான். அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்த, அழுத மக்களின் அன்பு உண்மையானது. நான் மறுக்க வந்தது அந்த அன்பை முன்னால் நிறுத்தி அதன் பின்னே வேறொன்றை மறைக்கும் வாதத்தை.

அன்பு செலுத்துவது தனி மனிதரின் உரிமை. மரியாதை செய்வது பொது அமைப்புகளின் செயல். நாடகமோ படமோ பார்த்து ஒருவர் கைதட்டினால் அது அவர் பாடு. ஆனால் காவல்துறை அணிவகுத்து நின்று வானை நோக்கிச் சுடும் குண்டும், அரசுக் கருவூலத்திலிருந்து போகும் பரிசுத்தொகையும், சாலைக்கும் பாலத்துக்கும் வைக்கும் பெயரும், சட்டமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் போடும் மேடையும் எந்த ரசிகரின் சொந்த விருப்பமும் இல்லை. அவற்றை ஒரு முதலமைச்சர், ஓர் அமைச்சரவை, ஒரு நகர்மன்றம் உட்கார்ந்து முடிவு செய்கிறது. 2018 பிப்ரவரியில் நடிகை ஸ்ரீதேவி மறைந்தபோது மகாராஷ்டிர அரசு அவர் உடலுக்கு மூவண்ணக்கொடி போர்த்தி முழு அரசு மரியாதை செய்தது. 2020 செப்டம்பரில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தைத் தமிழகக் காவல்துறை குண்டு முழங்க வழியனுப்பியது. 2024இல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் அணிக்கு, வாரியமே 125 கோடி ரூபாய் அறிவித்த பிறகும், மகாராஷ்டிர அரசு தன் பங்குக்கு 11 கோடி அறிவித்தது. ஸ்ரீதேவியின் நடிப்பையோ பாலசுப்ரமணியத்தின் குரலையோ குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்தக் குரலுக்குக் கடன்படாத தமிழர் யார்? ஆனால் மின்கம்பத்தில் ஏறி உயிர்விடும் வயர்மேனுக்கும், கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சு முட்டிச் சாகும் தொழிலாளிக்கும் குண்டு முழங்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அப்படித் தொட்டியில் இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீடு 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்வதற்கே 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. அந்த வழக்கு நடந்த ஆண்டுகளில் எந்த ரசிகர் மன்றமும் குறுக்கே நிற்கவில்லை. மனமில்லாமல் இருந்தது அரசுகளுக்குத்தான்.

'மக்கள் கேட்கிறார்கள், அரசு செய்கிறது' என்பார்கள். 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூரில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். ஐ.பி.எல். கோப்பை வென்ற அணி தனியாருக்குச் சொந்தமானது. நாட்டுக்காக ஆடிய அணிகூட இல்லை. வென்ற மறுநாளே கர்நாடக அரசு விதான சௌதா படிக்கட்டில் அந்த அணிக்குப் பாராட்டு விழா எடுத்தது. அதே மாலையில் சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். கூட்டம் தானாக வந்தது என்று சொல்வது பாதி உண்மை. ஒரு தனியார் அணியின் வெற்றியை மாநிலத்தின் வெற்றியாக்கி, அமைச்சர்கள் சூழ நின்று படம் எடுத்துக்கொண்டது அரசு. விழா எடுத்தவர்களுக்கு அதில் கிடைத்தது நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கும் வாய்ப்பு. நம் காலத்தில் அரசு மரியாதையின் போக்கைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குதான். ஏற்கெனவே புகழ் உள்ளவருக்கு மாலை போட்டால் அந்தப் புகழில் கொஞ்சம் போட்டவர்மேலும் ஒட்டும். பெயர் தெரியாத கிராம சுகாதாரச் செவிலியருக்கு மாலை போட்டால் போட்டவருக்கு ஒன்றும் ஒட்டாது.

நம் பக்கத்துக்கே வருகிறேன். 2025 செப்டம்பர் 27 அன்று நடிகர் விஜய்யின் பிரசாரப் பயணம் நாமக்கல்லில் தொடங்கிக் கரூருக்குப் போனது. அன்று இரவு கரூர் வேலுசாமிபுரத்தில் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். பிழை யாருடையது என்பதை விசாரணை சொல்லட்டும். அதற்கு முன் தீர்ப்பெழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த இரவைப் பற்றி நாம் பேசிய விதத்தைப் பற்றிப் பேச உரிமையுண்டு. மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. தலைவர் என்ன சொன்னார், எப்போது வருவார், எந்தக் கட்சி எதைச் செய்தது என்று ஒவ்வொரு மணி நேரமும் செய்தி வந்தது. அதே இரவில் விழுந்துகிடந்தவர்களைத் தூக்கிச் சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விடியவிடிய நின்ற மருத்துவர்களும் செவிலியர்களும், ஒன்றன்பின் ஒன்றாக உடற்கூறாய்வு செய்து உடல்களை உறவினரிடம் ஒப்படைத்த பிணவறை ஊழியர்களும் அந்தச் செய்திகளின் ஓரத்தில்கூட நிற்கவில்லை. பிணவறை ஊழியர் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா?

பள்ளிபாளையத்தில் இதை ஆற்றங்கரையில் வைத்தே காட்டிவிடலாம். மேட்டூர் அணை நிரம்பி, ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டால் காவிரியோரத்து வீடுகளில் தண்ணீர் ஏறும். 2018, 2022, 2024 மூன்று ஆண்டுகளிலும் திறப்பு அந்த அளவைத் தாண்டியது; 2022 ஆகஸ்டில் 2 லட்சத்தையும் தாண்டியது. அப்படிப்பட்ட இரவில் நடப்பது இதுதான். வருவாய்த் துறைக்குத் தகவல் வந்ததும் கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் கரையோரத் தெருக்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் கிழவியைக் கட்டிலோடு தூக்குகிறார்கள். தறி போட்ட வீட்டுக்காரர் மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றாமல் வர மாட்டேன் என்கிறார். பாவு நனைந்துவிட்டால் அந்த மாதக் கூலியே போயிற்று, அவர் கவலையும் நியாயம்தான். அவரோடு வாதாடி நேரத்தை இழக்காமல், மோட்டாரைக் கழற்ற ஒரு கை கொடுத்துவிட்டு, அவரையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கோ மண்டபத்துக்கோ அனுப்பிவைப்பது அந்தக் கடைநிலை ஊழியரின் சாமர்த்தியம். எந்தக் கம்பத்தில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பது வயர்மேனுக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் அவர் அங்கே போயாக வேண்டும். தீயணைப்பு வீரர்கள் கயிறும் மிதவையுமாகக் கரையில் நிற்கிறார்கள். முகாமில் மூன்று வேளைச் சோறும், சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையும், கர்ப்பிணிக்கு வண்டியும் ஏற்பாடாகின்றன. வெள்ளம் வடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. சேறும் செத்த ஆடும் சாக்கடைக் கழிவும் கலந்து கிடக்கும் தெருவுக்குள் முதலில் இறங்குவது தூய்மைப் பணியாளர். வாரி எடுத்து, பிளீச்சிங் பவுடர் தூவி, மனிதர் நடமாடும் இடமாக்கித் தருகிறார். காலரா வரவில்லை என்றால் அது செய்தியாவதில்லை. இவர்கள் வேலை சரியாக நடந்ததன் அடையாளமே ஒன்றும் நடக்காமல் போவதுதான். அதனால்தான் இந்த வேலையைக் கண்டுபிடித்துப் பேர் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும். தானாகத் தெரியவரும் என்று விட்டுவிட்டால் எக்காலத்திலும் தெரியவராது.

கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மக்கள் மரியாதை செய்யத் தவறுவதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி 1895இல் முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுவிக், சம்பளம் வாங்கிய அரசு ஊழியர். அதுவும் அந்நிய அரசின் ஊழியர். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் அவர் பிறந்த நாளான ஜனவரி 15ஆம் தேதி பொங்கல் வைக்கிறார்கள். வீட்டில் படம் மாட்டியிருக்கிறார்கள், பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். லோயர் கேம்பில் அரசு மணிமண்டபம் கட்டியது 2013இல். மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டார்கள். சம்பளத்துக்கு வேலை செய்தவரை மக்கள் நேசிக்க மாட்டார்கள் என்ற வாதம் அந்தப் பள்ளத்தாக்கின் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. சொல்லப்போனால் அந்த வாதத்தில் இன்னொரு பிழையும் உண்டு. நடிகரும் ஆட்டக்காரரும் இலவசமாகவா உழைக்கிறார்கள்? ஊதியம் வாங்குவது மரியாதைக்குத் தடை என்றால் அதிக ஊதியம் பெரிய தடையாக அல்லவா இருக்க வேண்டும்? 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது மற்ற மாவட்டங்களிலிருந்து போன மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டது எந்த அரசாணையும் இல்லை, வீடிழந்த அந்த மக்கள்தான்.

ஆனால் பென்னிகுவிக் கதையிலும் ஒரு குறை இருக்கிறது. அந்தக் காட்டில் காய்ச்சலில் செத்த ஏராளமான கூலித் தொழிலாளர்களின் பெயர்களை யாரும் சொல்வதில்லை. மேட்டூரில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணையின் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர். திறப்பு விழாக் காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் அவர். திட்டம் வகுத்த பொறியாளர் கர்னல் எல்லிஸுக்குக் கிடைத்தது உபரிநீர்ப் போக்கி, நாம் பதினாறு கண் மதகு என்று சொல்லும் பகுதி. கல் சுமந்தவர்களுக்கு எதுவும் இல்லை. பதவிக்கு ஏரி, மூளைக்கு மதகு, உடல் உழைப்புக்கு வெறுங்கை என்ற அந்தப் படிவரிசையை வெள்ளைக்காரர் வைத்துவிட்டுப் போனார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தொண்ணூறு ஆண்டுகளாக அதே வரிசையில்தான் நாமும் பெயர் வைக்கிறோம். மேட்டூர் கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகிறதா என்று கரைமேல் நடந்து, இரவில் உடைப்பு எடுத்தால் மண்மூட்டை அடுக்கும் லஸ்கரை விவசாயிக்குத் தெரியும். அரசு விழா மேடைக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட அரசு ஊழியருக்கு மரியாதை கேட்பதற்கு எதிராகத் தெருவில் சொல்லப்படும் காரணங்களில் மிக வலுவானது லஞ்சம். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் காசு கேட்பவர்களையா கொண்டாடச் சொல்கிறாய் என்று கேட்கிறார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவரிடம் அரசு ஊழியரின் மகிமையைப் பேசுவது அவமானம். ஆனால் அந்தக் கோபமே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. காசு வாங்குபவரையும் வாங்காதவரையும் ஒரே பார்வையில் பார்த்தால் வாங்காதவருக்கு என்ன ஆதாயம்? 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணி மணல் கொள்ளை பற்றிக் காவல்துறையில் புகார் கொடுத்ததுதான் காரணம். அரசு ஒரு கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது, ஐந்து மாதத்துக்குள் இருவருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. நீதி வேகமாகவே நடந்தது. ஆனால் காவிரிக் கரையில், மணலுக்காக இத்தனை வழக்கும் அடிதடியும் பார்த்த இந்த ஊர்களில், அவர் பெயரை எத்தனை பேர் அறிவோம்? கண்ணை மூடிக்கொள்ள அவர் மறுக்காமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார். அந்த மறுப்பை ஊருக்கு ஊர் சொல்லாத சமூகம், வாங்குபவரைத் திட்டுவதால் மட்டும் யாரையும் திருத்திவிடாது.

நேர்மைக்கு ஆதரவாக மக்கள் தெருவுக்கு வந்ததும் உண்டு. உ.சகாயம் நாமக்கல் ஆட்சியராக இருந்தபோது, 2009இல், தன் சொத்து விவரத்தை மாவட்ட இணையதளத்தில் வெளியிட்டார். அவரை மாற்றப்போகிறார்கள் என்றபோது கிராமத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். இந்த மாவட்டத்து மக்கள் நடிகருக்கு மட்டுமே கூடுவார்கள் என்று யாராவது சொன்னால் அந்த நாட்களை நினைவூட்டலாம். இருந்தாலும் ஆட்சியர் வரைக்கும் போகும் நம் கண் அவருக்குக் கீழே உள்ளவரிடம் வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நேர்மையான ஆட்சியர் விரைவில் தானும் ஒரு நட்சத்திரமாகிவிடுகிறார்; நேர்மையான கிராம உதவியாளர் கிராம உதவியாளராகவே ஓய்வு பெறுகிறார்.

ராணுவத்தைப் பற்றிச் சொல்லும்போது, அவர்களுக்குத்தான் பதக்கமும் அணிவகுப்பும் இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாட்டு மண்ணில் நடந்த ஒரு சவ அடக்கத்தை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். 1971 போரில் இந்தியப் படைக்குத் தலைமை தாங்கிய பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வாழ்ந்தார். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ராணுவ மரியாதை குறைவின்றி நடந்தது. ஆனால் குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. அரசின் சார்பில் இணையமைச்சர் ஒருவர் வந்தார். தேசிய துக்கமும் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய ஊதிய நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேல், கையில் கிடைத்தது 2007இல்; கலாம் குடியரசுத் தலைவராக இருந்து அக்கறை எடுத்துக்கொண்டதால். பீல்டு மார்ஷல் பட்டம் அவருக்குக் கிடைத்தது 1973இல். முப்பத்து நான்கு ஆண்டுகள்! போரை வென்று கொடுத்த தளபதிக்கே இந்த நிலை என்றால், லான்ஸ் நாயக்காக ஓய்வு பெற்று எங்கோ ஒரு வங்கி வாசலில் காவலாளியாக நிற்பவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை. நம் வட்டாரத்துக்கே இன்னொரு பெயர் சொந்தம். 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பி.பி.குமாரமங்கலம், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துப் பிள்ளை. முன்னாள் சென்னை மாகாண முதலமைச்சர் சுப்பராயனின் மகன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்டு விருது பெற்றவர், போர்க் கைதியாகவும் இருந்தவர். பள்ளிபாளையத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் ஊரைச் சேர்ந்தவர். அவர் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பவர்களே இங்கே அதிகம்.

சினிமாவே வீரர்களைக் கொண்டாடுகிறதே, 'அமரன்' வரவில்லையா என்பது அடுத்த கேள்வி. வந்தது, நன்றாகவும் ஓடியது, அதனால் மேஜர் முகுந்த் வரதராஜன் பெயர் வீட்டுக்கு வீடு போனது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் ஷோபியானில் உயிர்விட்டது 2014 ஏப்ரல் 25. அசோக் சக்ரா 2015 குடியரசு தினத்தில். படம் வந்தது 2024 தீபாவளிக்கு. இடைப்பட்ட பத்தாண்டுகளும் அவர் அதே வீரர்தான். நாம் அறிந்துகொள்ள ஒரு நட்சத்திரத்தின் முகம் தேவைப்பட்டது. அதே மோதலில் இறந்த சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயர் படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? கல்வானில் 2020 ஜூனில் இறந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கும், 1999இல் கார்கில் போரில் விழுந்த திருச்சி மேஜர் சரவணனுக்கும் இன்னும் படம் வந்தபாடில்லை. படம் வரும்வரை காத்திருப்பதுதான் வழி என்றால், மரியாதை செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று பொருள்.

இன்னொரு தயக்கம் வேறு திசையிலிருந்து வருகிறது. அதை நான் மதிக்கிறேன். ராணுவத்தைப் போற்றத் தொடங்கினால் அது போரைப் போற்றுவதில் போய் முடியும் என்று அஞ்சுகிறார்கள். தமிழருக்கு இந்த அச்சம் வெறும் கொள்கை இல்லை. இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த காலத்தின் காயம் ஆறவில்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், பதுங்கியிருந்தவர்களின் தாக்குதலில் மார்பில் குண்டு பட்டும் போரிட்டு இறந்தார். பரம்வீர் சக்ரா பெற்றார். அவர் பெயரைச் சொல்லும்போது தமிழ்நாட்டில் ஒரு மௌனம் விழுவதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படை அனுப்பப்பட்டதை நியாயப்படுத்த நான் வரவில்லை. அனுப்பியவர் வேறு, அனுப்பப்பட்டவர் வேறு. அனுப்பியவர்கள் பெயரில் விமான நிலையங்களும் திட்டங்களும் இருக்கின்றன. அவர்களுடைய முடிவைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவரின் பெயரைச் சொல்லத்தான் நமக்குக் கூச்சம். போரை வெறுப்பவர்தான் அந்தப் போரில் செத்தவரைப் பெயர் பெயராக நினைவில் வைத்திருக்க வேண்டும். செத்தவர் பெயர் மறந்த நாடு அடுத்த போருக்கு எளிதாக ஆள் அனுப்பும்.

பூத்தூவுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதும் பிழை. 2020 மார்ச் 22 அன்று மருத்துவர்களுக்காகக் கைதட்டச் சொன்னார்கள், நாடே தட்டியது. ஏப்ரல் 19 அன்று கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கும்பல் ஆம்புலன்ஸை உடைத்தது. நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் மண்வெட்டி பிடித்து அடக்கம் செய்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம்கூட இல்லை. அந்தக் காலத்தில் மாலை போட்டு முன்களப் பணியாளர் என்று அழைக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்கள், 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரவோடு இரவாக அப்புறப்படுத்தப்பட்டார்கள். பிறகு காலை உணவு அறிவிக்கப்பட்டது. பணி நிரந்தரம் கேட்டவருக்கு இட்லி கொடுப்பதை மரியாதை என்று நான் ஏற்க மாட்டேன். பெயரும் ஊதியமும் பாதுகாப்பும் சேர்ந்துதான் மரியாதை. அவற்றில் ஒன்றைக் கொடுத்து மற்றதை மறைக்கக்கூடாது.

தமிழருக்கு நாயக வழிபாடு ரத்தத்தில் ஊறியது, மாற்ற முடியாது என்று கடைசியாக ஒரு பெருமூச்சு வரும். நம் பழைய பழக்கம் வேறாக இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் பல மன்னருக்கு நட்டவை அல்ல. ஊர் மாட்டைக் கள்வர் ஓட்டிக்கொண்டு போனபோது மீட்கப் போய் இறந்தவருக்கு ஊர் கல் நட்டது. மன்னன் பெயர் ஆண்டைக் குறிக்க மட்டும் வந்தது. எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. கருந்தேவகத்தி என்ற வீரர் இறந்த இடத்தில் கள்வரைக் கடித்து நின்ற நாய்க்கும் அதில் உருவம் உண்டு, கோவிவன் என்று பெயரும் உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர், காவல் காத்த நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தது. வெள்ளத்தில் நம் பிள்ளையைத் தூக்கிவந்த மனிதரின் பெயர் நம் நகராட்சி அலுவலகத்தில் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. இதை ரத்தத்தின் மேல் பழி போட முடியாது.

செய்ய முடியும் என்பதற்கு அரசே வழி காட்டியிருக்கிறது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழக முதலமைச்சர் அறிவித்தார். அதன்பின் பெயர் தெரியாத கூலித் தொழிலாளியின் வீட்டுக்கும் அதிகாரிகள் மலர்வளையத்தோடு போகிறார்கள். ஓர் அறிவிப்புதான் வேண்டியிருந்தது. அதே அறிவிப்பைப் பணியின்போது இறக்கும் வயர்மேனுக்கும், தூய்மைப் பணியாளருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒதுக்காமல், நீட்டிப்பதில் என்ன தடை? சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் ஆட்சியர் நற்சான்றிதழ் கொடுக்கிறாரே என்றால், அதில் துறைத் தலைவர் அனுப்பும் பட்டியல் வேகவேகமாகப் படிக்கப்படுகிறது. என்ன செய்ததற்காகச் சான்றிதழ் என்று யாருக்கும் தெரிவதில்லை. பட்டியலில் அரசியலும் சாதியும் புகுந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து பட்டியலைத் திறந்து வைப்பது. பள்ளிபாளையம் போன்ற நகராட்சியில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பகுதி சபை கூடி, யார் எந்தத் தெருவில் என்ன செய்தார் என்று அந்தத் தெருக்காரர்களையே சொல்லச் சொல்லலாம். ஆட்சேபம் இருந்தால் அங்கேயே எழட்டும். ஒப்புக்கொண்ட பெயர்களையும் செய்த காரியத்தையும் நகர்மன்றம் தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும். அடுத்துப் போடும் தெருவுக்கும் கட்டும் பாலத்துக்கும் பெயர் தேடும்போது அந்தப் புத்தகத்தை முதலில் புரட்டட்டும். அரசுப் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தேடும் தலைமையாசிரியரும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.